முப்பத்திமூணு பாயிண்ட்

கள்ளக்குறிச்சியைத் தாண்டி சின்னசேலம் போகிற வழியில் அந்தப் பஞ்சர் கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்தில் சாய்த்து வைத்த பழைய லாரி டயர்கள். கடைக்காரர் எங்கள் காரின் பின்பக்க இடது டயரை ரிம்மிலிருந்து பிரித்து, கவிழ்த்து, ஒரு தட்டு தட்டினார். உள்ளேயிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. மிளகை அரைகுறையாக இடித்த மாதிரி, இரண்டு கைப்பிடி இருக்கும்.

"ரொம்ப நேரமா காத்தில்லாம ஓடியிருக்குங்க. பக்கவாட்டு ரப்பரு மடங்கி மடங்கி அரைஞ்சு போச்சு. இது திடீர்னு வெடிச்ச டயரு இல்ல."

அப்பா குனிந்து அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றார். எனக்கு அந்தப் பொடி என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரியும். முப்பத்திநான்கு வருடம் நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டியவர்.

அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். எங்கே நிறுத்தினாலும் அப்பா செய்கிற காரியம் ஒன்று உண்டு. டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்து, நான்கு டயரையும் சுற்றி வந்து ஒவ்வொரு அடி அடிப்பார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். அன்றைக்கும் அடித்தார். "செரியா இருக்குது சாமி, போலாம்" என்றார். நான் வண்டியை எடுத்தேன். தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஆடியது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, ஆனால் வண்டி நம் பேச்சைக் கேட்கவில்லை. "பிரேக்க மிதிக்காத! மிதிக்காத! ஆக்சிலேட்டர மட்டும் உடு" என்று அப்பா கத்தினார். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற தூரத்தில் தாண்டிப் போனது. ஓரம் கட்டி நின்றபோது பின் சீட்டிலிருந்த அம்மாவின் முழங்கை கதவில் இடித்து வீங்கியிருந்தது. அவ்வளவுதான் சேதம். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியதும் அப்பாதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தக் கறுப்புப் பொடி சொன்ன விஷயம் வேறு. அப்பா டீக்கடையில் தட்டிப் பார்த்தபோதே அந்த டயரில் காற்று பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும். ஆணி எப்போதோ ஏறியிருந்தது.

லாரிக்காரர்கள் ஏன் டயரைத் தட்டுகிறார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததில்லை. அது ஒரு சடங்கு, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். காரணம் நேரடியானது. லாரியின் பின் அச்சில் ஒவ்வொரு பக்கமும் இரட்டை டயர். உள் டயரில் காற்று போனால் வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இரும்பால் அடித்தால் காற்றுள்ள டயர் ராடைத் திருப்பித் தள்ளும், கணீரென்று ஒரு சத்தம் வரும். காற்றில்லாத டயர் ராடை வாங்கிக்கொள்ளும், 'தொப்' என்று கேட்கும். லாரி டயரில் 110 பாயிண்ட் காற்று இருக்கும். 110-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கும் கைக்கும் தெரிகிற வித்தியாசம்.

காரில் இருப்பது 33. அதுவும் ரேடியல் டயர். பக்கவாட்டுச் சுவர் மெல்லியது, காற்று சரியாக இருந்தாலும் அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கியபடிதான் நிற்கும். 33-ஐயும் 26-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது. தட்டினாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். ஆக அப்பாவின் முறை காருக்குச் சரிப்பட்டு வராது, அவர் காதில் தப்பில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அன்றைக்கு டயரில் 26 இல்லை. பத்தோ பன்னிரண்டோ இருந்திருக்கும். அந்த 'தொப்' கேட்டிருக்க வேண்டும்.

மீதிப் பழி என்னுடையது. இரண்டு மாதமாக நான் காற்றே பிடிக்கவில்லை. வண்டி என்னுடையது, கேஜ் வைத்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான். அப்பாதான் தட்டிப் பார்க்கிறாரே என்று விட்டுவிட்டேன். ஒருவருடைய திறமை மேல் இருக்கிற மரியாதை சில சமயம் நம் சோம்பலுக்கு வசதியான பெயர்.

அந்த மாதமே வண்டியை நாமக்கல்லில் விட்டுவிடுவது என்று முடிவானது. எனக்குச் சென்னையில் மெட்ரோ போதும். அம்மாவின் மூட்டு வைத்தியத்துக்கு மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. அப்பா ஓட்டுவார். டயர் வெடித்த பிறகு அவர் ஒரு டயரையும் தட்டுவதில்லை என்று அம்மா போனில் சொன்னாள். "ஸ்பேனர எடுக்கறதே இல்லடி. பெட்ரோல் பங்க்ல காத்து மட்டும் புடிக்கறாரு." அதைக் கேட்ட பிறகுதான் நான் டயர் பிரஷர் மானிட்டர் தேட ஆரம்பித்தேன்.

பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு மிஷின் வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

இது இரண்டு வகை. புதுக் கார்கள் சிலவற்றில் சென்சாரே கிடையாது. பிரேக்கின் ஏபிஎஸ் அமைப்பு ஒவ்வொரு சக்கரமும் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிறது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு ஒரு துளி குறையும், அதனால் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதை வைத்துக் கணக்குப் போட்டு விளக்கை எரிய விடுவார்கள். மறைமுக முறை. நான்கு டயரிலும் ஒரே மாதிரி மெதுவாகக் காற்று இறங்கினால் இதற்குச் சட்டென்று பிடிபடாது. எப்படியும் பழைய காரில் நாமாகச் சேர்க்கக்கூடிய விஷயமில்லை. நமக்குக் கிடைப்பது நேரடி முறை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன சென்சார், அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் முன்னாலிருக்கிற டிஸ்ப்ளேவுக்கு அனுப்பும்.

இந்த நேரடி முறை 1986-இல் போர்ஷே 959 என்ற காரில் வந்துவிட்டது. ஆனால் சாதாரண வண்டிகளுக்கு இறங்கி வர இருபது வருடம் பிடித்தது, அதற்கும் பிணங்கள் விழ வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் மேல் பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். இறந்தவர்கள் 250-க்கும் மேல். டயரின் குறையா, வண்டியின் குறையா என்று இரண்டு கம்பெனிகளும் அடித்துக்கொண்டன. அதில் ஒரு சண்டை காற்றைப் பற்றியது: ஃபோர்டு 26 பாயிண்ட் வைக்கச் சொல்லியிருந்தது, டயர் கம்பெனி அது குறைவு, 30 வேண்டும் என்றது. அந்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 2008 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இந்த எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014-லிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும். இங்கே அப்படி இல்லை. 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் வேறு திசையிலிருந்து வருகிறது: டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும், இந்த மானிட்டரும் இருந்தால் சின்ன வண்டிகளில் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை. அதாவது, நம் ஊரில் மானிட்டர் வந்தது உயிருக்காக என்பதைவிட டிக்கியில் இடம் மிச்சம் பிடிக்க.

(ஸ்டெப்னி என்ற சொல்லை அப்பா தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடையின் பெயர் அது. கார்களுக்கு மாற்றுச் சக்கரமே தராத 1900-களின் தொடக்கத்தில் அதைச் செய்து விற்றார்கள். ஊரே மறந்துபோன தெருப் பெயரை நம்முடைய லாரிக்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள்.)

அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் விதி. 33 வைக்கிற டயரில் அது 25 பாயிண்டுக்குப் பக்கம். ஆறேழு பாயிண்ட் குறைந்த டயருடன் சுமையேற்றி, மே மாத வெயிலில், நூறில் போகிறவருக்கு அது தாமதமான விளக்கு. தனியாக வாங்கி மாட்டுகிற கருவிகளில் எந்த எண்ணில் கத்த வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். கம்பெனி வண்டியில் வருகிறதைவிட இது உருப்படியான வசதி என்று எனக்குத் தோன்றியது.

நேரடி முறைக்குள்ளும் இரண்டு உண்டு. வெளி சென்சார் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டுவது. ஐந்து நிமிட வேலை. உள் சென்சாரை, டயரைக் கழற்றி, வால்வையே மாற்றி, ரிம்முக்குள் பொருத்த வேண்டும். பிறகு வீல் பேலன்சிங். உள் சென்சார் டயருக்குள் இருக்கிற காற்றின் சூட்டை ஒழுங்காகச் சொல்லும். வெளி சென்சார் காட்டுகிற வெப்பம் பெரும்பாலும் ரோட்டுக் காற்றின் வெப்பம், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. உள் சென்சாரை யாரும் திருட முடியாது. ஆனால் பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே தூக்கிப் போட வேண்டியதுதான், பேட்டரியை உள்ளே வைத்துப் பூசியிருப்பார்கள்.

நான் உள் சென்சார் பக்கம் சாய்ந்திருந்தேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

"உள்ள வெக்கறதா? வேண்டாஞ்சாமி. பஞ்சர் கடைக்காரன் லிவரப் போட்டு நெம்புனான்னா முடிஞ்சது. அவனுக்குத் தெரியுமா உள்ள மிசினு இருக்குதுன்னு? ஒவ்வொரு வாட்டியும் போயி அவங்கிட்ட கதை சொல்லிட்டு நிக்கோணும். வெளிய இருந்தா கையி வெச்சுப் பாக்கலாம்."

சரியான பேச்சு. ஓட்டை அடைக்க ஊற்றுகிற பசை திரவம் உள் சென்சாரின் துளையை அடைத்துவிடும் என்பதையும் பிறகு படித்தேன். வெளி சென்சார் என்று முடிவு செய்து, சுமார் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். டேஷ்போர்டில் ஒட்டுகிற சோலார் டிஸ்ப்ளே. கட்டைவிரல் அகலத் திரை. காற்று குறைந்தால் 'பீப், பீப்' என்று கத்தும். கடைப் பக்கத்தில் அந்தச் சத்தத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதித்தோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு சென்சாரை டயரில் மாட்டி, எண் வந்ததும், மெதுவாகக் கழற்றினேன். காற்று சீறியது. டிஸ்ப்ளேவில் எண் இறங்கி, பீப் சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு தொண்டை இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ன சாமி, இன்னும் ஆன் ஆகலையா?" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அம்மா, "ஏனுங்க, அங்க என்னமோ கத்திட்டே கெடக்குது, அதை நிறுத்துங்க மொதல்ல!" என்றாள்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. டிஸ்ப்ளேவின் பட்டனைத் தேடுகிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. அவர் எழுந்து போய், வாசலில் இருந்த குழாயைத் திறந்து, கழுவ எதுவும் இல்லாமல் கையைக் கழுவினார்.

பழைய லாரிகளில் இஞ்சின் கேபினுக்குள்ளேயேதான் இருக்கும், டிரைவருக்கு இடது கைப்பக்கம், ஒரு தகர மூடிக்குக் கீழே. வலது பக்கம் திறந்த ஜன்னல், காற்று, எதிரே வருகிற வண்டிகளின் ஏர் ஹாரன். முப்பத்திநான்கு வருடம். இரைச்சலால் போகிற காது ஒரேயடியாகப் போகாது, மேல் ஸ்தாயியிலிருந்துதான் போகும். முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சு கேட்கும், ஆனால் 'ச'வும் 'த'வும் குழம்பும். லாரிச் சத்தம் கேட்கும், குக்கர் விசில் கேட்காது. இந்தச் சின்னக் கருவிகளில் வைக்கிற பஸ்ஸர் சத்தமும் அந்த மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. சின்னத் துண்டிலிருந்து பெரிய சத்தம் எடுக்க அதுதான் சுலபம். உலகத்தில் எச்சரிக்கை என்று வைத்திருக்கிற சத்தங்களில் பாதி, வயதானவர்களின் காதில் முதலில் செத்துப்போகிற இடத்தில் இருக்கின்றன.

டிவி சத்தத்தைப் பற்றி அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் என்னையறியாமல் நானே கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கடைசியில் மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்று வந்து சொல்லிவிட்டது.

அதைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்ட கட்டத்தில் 'திரை சிறியது' என்று எழுதினேன்.

இரண்டாவது தடவை தேடும்போது எனக்கு வேண்டியது என்னவென்று தெரிந்திருந்தது. கத்தாமலே பேசுகிற கருவி. போனுடன் ப்ளூடூத்தில் பேசுகிறவற்றை முதலில் ஒதுக்கினேன். அதன் ஆப் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்பா வைத்திருக்கிற மாதிரி போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அதைத்தான் முதலில் கொல்லும். எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுகிற சின்னத் திரைகளையும் ஒதுக்கினேன். நான்கு சக்கரத்தின் எண்ணும் ஒரே நேரத்தில், பெரிதாக, அணையாமல் தெரிய வேண்டும். குறைந்தால் அந்த எண் சிவப்பாகி மினுங்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுக்கிற ஒன்று கிடைத்தது. சோலார் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது, ஏனென்றால் சோலார் பெட்டிக்குள் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது, நம் ஊர் வெயிலில் பூட்டிய காரின் கண்ணாடிக்குக் கீழே அதை நாள் முழுக்கக் காயவைக்க எனக்கு மனசில்லை.

வால்வு விஷயத்தில் அப்பாதான் என்னைத் திருத்தினார். புதுசை வாங்கிக்கொண்டு போனபோது சென்சார் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தன கிராம் இருக்கும்?"

"பத்து கிராம் போட்டிருக்குதுப்பா."

"ரப்பர் வால்வுல மாட்டுனா ஆடும். ஆடுனா அடில வெடிப்பு உடும்."

பத்து கிராம் என்ன செய்துவிடும் என்றேன். ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு அங்குல ரிம், மணிக்கு 100 கிலோமீட்டர். வால்வு இருக்கிற இடத்தில் வெளியே இழுக்கிற விசை, அந்தப் பொருளின் எடையைப்போல கிட்டத்தட்ட 150 மடங்கு. பத்து கிராம் அங்கே ஒன்றரைக் கிலோ. ரப்பர் வால்வை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரைக் கிலோ வளைத்து இழுக்கிறது. காலையில் அப்பாவிடம் சொன்னதும் அவர் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு சிரிப்பு.

"ஒன்றரக் கிலோவா? நான் அரக்கிலோன்னு நெனச்சேன்."

நான்கு வால்வையும் உலோக வால்வாக மாற்றினோம். அதிலும் பித்தளைதான் வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். அலுமினியத் தண்டில் பித்தளை மரை மாட்டி ஈரம் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் சென்சாரைக் கழற்றினால் வால்வு கையோடு வந்துவிடும். அவருக்கு இதன் வேதியியல் தெரியாது. "அது வெள்ளையா பூத்துப் புடிச்சுக்கும்" என்றார்.

சென்சாரை மாட்டிய பிறகு ஒன்று புரிந்தது. வெளி சென்சார், வால்வின் நடுவிலிருக்கிற பின்னை அழுத்தித் திறந்து வைத்தால்தான் காற்றை அளக்க முடியும். ஆக, அதுவரை காற்றை அடைத்துக்கொண்டிருந்த வால்வு இனி அடைக்காது. அந்தச் சென்சாருக்குள் இருக்கிற ரப்பர் வாஷர்தான் மொத்தக் காற்றையும் தாங்குகிறது. காவலுக்கு வந்தவன் வந்ததும் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் தானே படுத்துக்கொள்கிற மாதிரி. சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லி விளக்கத் தாளில் இருந்தது. அப்பா விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு வால்விலும் வைத்தார். பின் வலதில் குமிழி வந்தது. ஒரு அரைச் சுற்று இறுக்கினார், நின்றது.

அடுத்த சண்டை, என்ன எண் வைப்பது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 33 என்று இருக்கிறது. பெட்ரோல் பங்கில் எந்த வண்டி வந்தாலும் 35 அடித்து அனுப்புகிறார்கள். அப்பா வெயில் காலத்தில் 30 போதும் என்கிற கட்சி. "சூட்டுல காத்து விரியும் சாமி. முப்பத்திமூணு வெச்சா நாப்பது ஆயிரும், வெடிச்சிரும்." எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்தக் கட்சிதான்.

விரிவது உண்மை. ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஒரு பாயிண்ட் ஏறும். காலையில் 33 வைத்து மதியம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் 38 காட்டும். ஆனால் அதைக் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். டயரின் பக்கத்தில் உச்ச அளவு என்று 44-ஓ 51-ஓ பொறித்திருக்கும். வெடிப்பது ஏறுவதால் அல்ல, குறைவதால். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்குவதில் சூடு பிறக்கும், சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கிற நூலும் பிரியும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிற மாதிரி. வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைக்கிறவர், பயந்த காரியத்தைத் தானே செய்கிறார்.

இதை நான் அப்பாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு அந்தப் பொடி..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"செரி. முப்பத்திமூணே வெய்யி."

குறைந்தால் 28, ஏறினால் 42 என்று வைத்தோம். கருவி முதலில் 'பார்' கணக்கில் 2.3 என்று காட்டியது. "இதென்ன, பால் ஃபேட்டா?" என்றார். மாற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. காலையில் வண்டியை எடுக்கிற நாளெல்லாம் அப்பா போன் செய்வார். "முப்பத்திமூணு, முப்பத்திமூணு, முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு." அவ்வளவுதான் பேச்சு. நான் "செரிங்கப்பா" என்பேன், வைத்துவிடுவார். ஒரு நாள் இடது பக்கம் இரண்டும் 35, வலது பக்கம் 33 என்று பதறினார். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். வாசலில், இடது பக்கம் கிழக்கு வெயில். "அட, வெயிலு!" என்றவர், அதற்குப் பிறகு வெயில் படுகிற பக்கத்தைத் தானே கழித்துச் சொல்ல ஆரம்பித்தார். தட்டிப் பார்த்தவருக்கு எண்களின் ருசி பிடித்துவிட்டது. மழை பெய்தால் ஒன்று இறங்குகிறது, ஏற்காடு ஏறி இறங்கினால் முன் டயர் சூடாகிறது, நான்கு பேர் ஏறினால் ஒன்றும் பெரிதாக மாறுவதில்லை (அதில் அவருக்கு ஏமாற்றம்). ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் வாங்கலாமா என்று கேட்டார். நகராமல் கிடக்கிற டயரின் சென்சார் தூங்கிவிடும், எண்ணை அனுப்பாது என்றேன். "செரி, அதை நான் பாத்துக்கறேன்" என்றார். மாதம் ஒரு தடவை டிக்கியைத் திறந்து கேஜ் வைத்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஸ்பேனரால் அல்ல.

இந்தக் கருவிகள் அனுப்புகிற செய்தியில் பூட்டே கிடையாது என்பதை எங்கோ படித்து அவரிடம் சொல்லி வைத்தேன். ஒவ்வொரு சென்சாரும் தன் அடையாள எண்ணைச் சேர்த்துத்தான் அனுப்புகிறது. 2010-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கம்பெனி பொருத்திய சென்சார்களையே நாற்பது மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்கவும், பொய் எச்சரிக்கையை எரியவைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். எந்த வண்டி எப்போது போகிறது என்று கண்டுபிடிக்கலாம். அப்பா யோசித்தார். "நாம மாசம் ரெண்டு வாட்டி கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்குப் போறத எவன் கேக்கப் போறான்?"

தீபாவளிக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். முன் இடது சென்சாரின் பேட்டரி தீர்ந்து, திரையில் அந்த மூலையில் கோடு மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா கடிகாரக் கடையில் சிஆர்1632 என்று சீட்டில் எழுதிக்கொண்டுபோய் நான்கு செல் வாங்கி வைத்திருந்தார். ஒன்று தீர்ந்தால் மற்றதும் பின்னாலேயே தீரும் என்பது லாரிக் கணக்கு. திண்ணையில் தினத்தாளை விரித்து, சென்சார்களை வரிசையாக வைத்து, மூடியைத் திருகி, பழைய செல்லை நகத்தால் நெம்பி எடுத்தார். எதை எந்தச் சக்கரத்தில் மாட்ட வேண்டும் என்று பேனாவால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்திருந்தார்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று, நான்கு. நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் உட்காருகிறேன்.

புது செல் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அந்தக் காது மிசினு இருக்குதல்ல. அதுக்கும் இதே செல்லுதானா?"

அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"இல்லீங்கப்பா. அது வேற. இன்னும் சின்னது."

"எத்தன நாளைக்கு வரும்?"

"ஒரு வாரம், பத்து நாளு. இப்ப சார்ஜ் போடற மாதிரியும் வருதுங்கப்பா."

அவர் செல்லைச் சென்சாருக்குள் வைத்து, மூடியைத் திருகி, இரண்டு புள்ளி போட்டதா என்று திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜ் போடறதே பாரு" என்றார்.